தமிழ்ச் சங்கம் இலவச வரி முகாம் நடத்த வீட்டா மானியம் கிடைக்குமா?

வாசகர் கேள்வி: நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கம் வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அமைப்பு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாக வரி தாக்கல் செய்து தர நினைக்கிறோம். உறுப்பினர்களில் மூன்று பேர் சிபிஏ, அதாவது உரிமம் பெற்ற கணக்காளர்கள். கோயில் அரங்கத்தை வாடகை இல்லாமல் தருகிறார்கள். அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தரும் வீட்டா மானியத்துக்கு வரும் மே மாதமே விண்ணப்பிக்கலாமா? எவ்வளவு கேட்கலாம்?

பதில்: உங்களைப் போன்ற அமைப்பு விண்ணப்பிக்கத் தடை இல்லை. ஆனால் முதல் ஆண்டே தனியாக விண்ணப்பிக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. வீட்டா என்பது தன்னார்வலர்கள் இலவசமாக வரி தாக்கல் செய்து தரும் ஐஆர்எஸ் திட்டம். உங்கள் கவுன்டியில் ஏற்கெனவே அதை நடத்தும் கூட்டமைப்பு ஒன்றின் கீழ் ஒரு சீசன் மையம் நடத்துங்கள். அடுத்த மே மாதம் கையில் எண்ணிக்கையோடு விண்ணப்பியுங்கள்.

வீட்டா திட்டம் 1969-இல் தொடங்கியது. மானியத்துக்கு நாடாளுமன்றம் 2007 டிசம்பரில்தான் முதலில் பணம் ஒதுக்கியது. 2019-இன் வரிச் சட்டம் அதை நிரந்தரமாக்கி, ஆண்டுக்கு 3 கோடி டாலர் வரை வழங்க அனுமதித்தது. அதே சட்டம், போதிய சேவை எட்டாத மக்களைத் தேடிப் போகும் அமைப்புகளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் முதியோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். உங்கள் பலம் இதுதான், விண்ணப்பத்தில் இதையே முன்னால் வையுங்கள். ஆனால் “எங்களால் தமிழில் பேச முடியும்” என்று எழுதினால் மட்டும் போதாது. போன சீசனில் எத்தனை பேருக்குத் தமிழில் உதவினீர்கள், அவர்களில் எத்தனை பேர் குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான வருமான வரிச் சலுகையான இஐடிசியை முதல் முறையாகப் பெற்றார்கள் என்று காட்ட வேண்டும். இஐடிசிக்குத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதைக் கேட்பதே இல்லை என்று ஐஆர்எஸ்ஸே சொல்கிறது. மூன்று குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 2025 வரி ஆண்டில் அது 8,046 டாலர் வரை போகும். உணவகத்திலும் பெட்ரோல் பங்கிலும் வேலை செய்யும் நம் மக்களுக்கு இது சில மாத வாடகை.

கோயில் அரங்கம் நல்ல இடம்தான், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. வருமான வரம்புக்குள் இருப்பவர் யார் வந்தாலும் செய்து தர வேண்டும். “சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்”, “தமிழர்களுக்கு முன்னுரிமை” என்றெல்லாம் பலகை வைக்க முடியாது. படிவம் நிரப்பும் இடத்தில் உண்டியலோ நன்கொடைப் பெட்டியோ இருக்கக் கூடாது. நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி வேறு பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள், அல்லது உண்டியல் இல்லாத அறையைக் கேளுங்கள். உங்கள் சிபிஏக்கள் அங்கே விசிட்டிங் கார்டு கொடுப்பதோ, “அடுத்த வருஷம் என் ஆபீசுக்கு வாங்க” என்பதோ நடத்தை விதி மீறல். இதற்காகத் தன்னார்வலரை நீக்குவார்கள், மையத்தையே மூடவும் கூடும். சிபிஏ என்பதால் வீட்டா தன்னார்வலர் தேர்விலிருந்து விலக்கும் கிடையாது. அவர்களுக்கு வரிச் சட்டத் தேர்வு சுருக்கமாக உண்டு. நடத்தை விதித் தேர்வும், நேர்காணல் மற்றும் தரச் சோதனைத் தேர்வும் எல்லாரையும் போல எழுத வேண்டும். தேர்ச்சிக்கு 80 சதவீதம்.

ஒவ்வொரு ரிட்டர்னையும் தயாரித்தவர் அல்லாத இன்னொருவர், வரி செலுத்துபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். நேர்காணல் படிவமான 13614-சி, சம்பளச் சான்றான டபிள்யூ-2, அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை நான்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் மூன்று பேர் தயாரித்தால் நான்காவது ஆள் சோதனைக்கே போய்விடுவார். ஒரு ரிட்டர்னுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், 11 சனிக்கிழமை, நாளுக்கு 6 மணி, 3 பேர் என்றால் அதிகபட்சம் 198. வராமல் போகிறவர்கள், பாதிக் காகிதத்தோடு வருகிறவர்கள் போக 150 என்று இலக்கு வையுங்கள். ஆசையில் 400 என்று எழுதி 150 செய்தால் அடுத்த விண்ணப்பத்தில் அது உங்களுக்கு எதிராகவே பேசும்.

இனி காகித வேலை. பெரும்பாலான சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். விண்ணப்பம் மத்திய அரசின் மானியத் தளமான கிராண்ட்ஸ்.கவ் வழியாகப் போகும். சமீப ஆண்டுகளில் மே 1 முதல் 31 வரை திறந்திருக்கிறது. அதற்கு முன் மத்திய அரசின் பதிவுத் தளமான சாம்.கவ்வில் பதிந்து, அமைப்பின் அடையாள எண்ணான 12 எழுத்து யுஇஐ பெற வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பல வாரம் இழுக்கும் வேலை என்பதால் ஜனவரியிலேயே தொடங்குங்கள். சங்கத்தின் முகவரி என்பது பல இடங்களில் பொருளாளர் வீட்டு முகவரி. நிர்வாகக் குழு மாறும்போது அதுவும் மாறும். மாநிலப் பதிவில் ஒரு முகவரி, சங்கத்தின் வரி எண்ணான இஐஎன்னைத் தந்த ஐஆர்எஸ் கடிதத்தில் இன்னொன்று, வங்கியில் மூன்றாவது என்றிருந்தால் சாம்.கவ் சரிபார்ப்பில் நிறுத்திவிடும். தபால் பெட்டி எண்ணை நேரடி முகவரியாக ஏற்க மாட்டார்கள். மூன்றையும் முதலில் ஒன்றாக்குங்கள், பெயரில் உள்ள ‘இன்க்.’ உட்பட. இன்னொன்று: சாம்.கவ் கணக்கின் பொறுப்பாளராக முன்னாள் தலைவரின் சொந்த மின்னஞ்சல் இருந்தால், அவர்தான் கிராண்ட்ஸ்.கவ்வில் கையெழுத்து அதிகாரம் வழங்க முடியும். அவர் ஊர் மாறிப் போயிருந்தால் மே 31 அன்று நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். சங்கத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து அதில் பதியுங்கள். ஆண்டுதோறும் 990-என் என்ற சுருக்க அறிக்கை தாக்கல் செய்யும் சிறிய சங்கம் என்றால், தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டிருந்தால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகியிருக்கும்.

எவ்வளவு கேட்பது? இது இணை மானியம். அரசு ஒரு டாலர் தந்தால் நீங்கள் ஒரு டாலர் காட்ட வேண்டும். பணமாகவும் காட்டலாம், பொருளாகவும் காட்டலாம். பொதுவாக வேறு மத்திய அரசுப் பணத்தை இணையாகக் காட்ட முடியாது. ரிட்டர்ன் தயாரிக்கும் தன்னார்வலருக்கு இதில் சம்பளம் தர முடியாது, ஒருங்கிணைப்பாளருக்குத் தரலாம்.

இரண்டாம் ஆண்டில் ஐந்து தயாரிப்பாளர்கள், 280 ரிட்டர்ன் இலக்கு என்று வைத்துக்கொண்டு ஓர் உதாரணம்: ஒருங்கிணைப்பாளர் வாரம் 10 மணி, 26 வாரம், மணிக்கு 25 டாலர் என்றால் 6,500. முதலாளி பங்கு வரி 7.65 சதவீதம், ஏறக்குறைய 497. பிரிண்டர், டோனர், திரை மறைப்பான், துண்டறிக்கை 2,000. மறைமுகச் செலவுக்கு 15 சதவீதம், அதாவது 1,350. மொத்தம் சுமார் 10,350 டாலர். ரிட்டர்ன் ஒன்றுக்கு 37 டாலர். இதை நீங்களே வகுத்துப் பாருங்கள், விண்ணப்பத்தைப் படிப்பவரும் வகுத்துப் பார்ப்பார்.

இணைத் தொகையில் அரங்க வாடகை 66 மணி நேரம், மணிக்கு 40 டாலர் என்றால் 2,640. அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதற்குக் கோயில் தலைப்புத் தாளில் கடிதமும், அந்தப் பகுதியில் அதுபோன்ற அரங்கத்துக்கு வாங்கும் வாடகைச் சான்றும் வேண்டும். அடுத்து, 1977-இன் சமூக மறுமுதலீட்டுச் சட்டப்படி வங்கிகள் குறைந்த வருமானப் பகுதிகளுக்குச் செய்யும் உதவி மதிப்பிடப்படுகிறது. உங்கள் மையம் ஒரு வங்கியின் மதிப்பீட்டு எல்லைக்குள் வந்தால் அவர்களுக்கும் இதில் பலன் உண்டு. கிளை மேலாளரை விட்டுவிட்டு அந்தச் சட்டத்துக்கென்று இருக்கும் அதிகாரியைச் சந்தியுங்கள். 5,000 டாலர் கேட்பது நியாயமான தொகை. மீதி 2,710-க்குத் தன்னார்வலர் நேரத்தைக் காட்டுவதானால், எந்தப் பணிகளின் நேரம் ஏற்கப்படும் என்பதை ஐஆர்எஸ்ஸின் மானிய வழிகாட்டியான வெளியீடு 4671-இன் அந்த ஆண்டுப் பதிப்பில் படித்துக்கொள்ளுங்கள். மணி மதிப்பு பணியைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்ததல்ல. வாசலில் வரவேற்பவர் சிபிஏவாக இருந்தாலும் வரவேற்பாளருக்கான கூலிதான். பெயர், பணி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று அன்றன்றைக்கே ஏட்டில் ஏற்றுங்கள். மே மாதம் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய ஏடு தணிக்கையில் நிற்காது.

நம் மக்களிடம் வரும் சில விஷயங்களைத் துண்டறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்டுக்கான படிவம் 8621 வீட்டா வரம்பில் வராது. வெளிநாட்டுக் கணக்குகளில் 10,000 டாலர் தாண்டினால் தர வேண்டிய எஃப்பார் அறிக்கை தனித் தாக்கல், வரிப் படிவத்தோடு போவதல்ல. எஃப்-1 விசா மாணவர்களில் பலருக்கு, வரிச் சட்டப்படி குடியிருப்பாளர் அல்லாதவருக்கான 1040-என்ஆர் படிவம் வேண்டும். அதற்கெனச் சான்று பெற்ற தன்னார்வலர் இல்லையென்றால் சாதாரண 1040 போட்டு அனுப்பிவிடாதீர்கள், அந்தத் தவறு பின்னால் விசாவில் போய் இடிக்கலாம். வேலை செய்ய அனுமதிக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல், வரித் தாக்கலுக்கு மட்டும் ஐஆர்எஸ் தரும் ஐடிஐஎன் எண் இருந்தால் இஐடிசி கிடையாது. இஐடிசி உள்ள ரீஃபண்டைச் சட்டப்படி பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் விடுவிக்க மாட்டார்கள். ஜனவரியிலேயே தாக்கல் செய்துவிட்டுப் பணம் எங்கே என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஐஆர்எஸ்ஸில் வீட்டா பங்குதாரர்களைப் பார்ப்பது ஸ்பெக் என்ற பிரிவு. கோடைக்காலத்துக்குள் அவர்களை அழைத்து, உங்கள் பகுதியில் எந்தக் கூட்டமைப்பு புது மையம் தேடுகிறது என்று கேளுங்கள். தேர்வுகளை டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள், ஜனவரி கடைசியில் தாக்கல் திறந்துவிடும்.