பிசியோவிடம் எதைச் சொல்ல வேண்டும்? கேள்வி பதில்

பெங்களூரில் பயிற்சி எடுக்கும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு விளையாட்டு பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்.

செல்வி, அல்சூர்: அக்கா, கண்டீரவா ஸ்டேடியத்தில் 400 மீட்டர் ஓடுகிறேன். பின்தொடை 2 வாரமாகப் பிடித்த மாதிரியே இருக்கிறது. பிசியோவிடம் சொன்னால் கோச் காதுக்குப் போய், ரிலே டீமிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயம்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள் செல்வி. அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "நான் சொல்வதில் எது கோச்சுக்குப் போகும், எது உங்களோடு நிற்கும்?" நல்ல பிசியோ தயங்காமல் பதில் சொல்வார். இன்று என்ன செய்யலாம், எது கூடாது என்பது கோச்சுக்குத் தெரிந்தால் போதும். மற்றது உங்கள் சம்மதம் இல்லாமல் போகக்கூடாது.

"பிடிச்சிருக்கு" என்று நிறுத்திவிடாமல், ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். உட்காரும் எலும்பை ஒட்டியா, தொடை நடுவிலா? எலும்பை ஒட்டி என்றால் தசைநார் தொந்தரவாக இருக்கலாம். இழுத்து நீட்டும் ஸ்ட்ரெட்ச் அதைக் கிளறிவிடும். வளைவில் வருகிறதா, கடைசி 100 மீட்டரிலா? வலி பத்துக்கு எத்தனை? மறுநாள் காலை குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது எப்படி? இவ்வளவும் தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைக்க வழி உண்டு. மறைத்தால் முழு வேகத்தில்தான் ஓடுவீர்கள். பின்தொடை கிழிவதும் பெரும்பாலும் முழு வேகத்தில், பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், தசை நீண்டிருக்கும் அந்த நொடியில்தான்.

மகேஸ்வரி, கே.ஆர்.புரம்: மகளுக்கு 15 வயது, பேட்மின்டன் ஆடுகிறாள். முட்டியில் வலி. பிசியோ தினமும் மசாஜ் செய்து டேப் ஒட்டுகிறார். அன்றைக்குச் சரியாகிறது, மறுநாள் திரும்ப வருகிறது.

மசாஜும் டேப்பும் சில மணி நேரம் வலியை அடக்கும், வலுச் சேர்க்காது. வலிப்பது முட்டிச் சில்லின் கீழ் நுனியா, அதற்கும் கீழே முன்னங்கால் எலும்பில் கைக்குத் தட்டுப்படும் மேடா என்று பாருங்கள். மேடு என்றால் இந்த வயதில் பெரும்பாலும் வளரும் எலும்பின் தொந்தரவு. குதிப்பதைக் குறைப்பதுதான் முதல் மருந்து. நுனி என்றால், முட்டியை மடக்கி அசையாமல் 45 நொடி தாங்கும் பயிற்சி 5 முறை, நடுவே 2 நிமிட ஓய்வு. அது பழகியதும் மெதுவான எடைப் பயிற்சி. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். காலையில் எழுந்ததும் வலி முந்தின காலையைவிடக் கூடியிருந்தால், நேற்றைய சுமை அதிகம் என்று பொருள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த வயதுப் பிள்ளைக்குத் தனி அறையில் ஒருவர் மட்டும் இருந்து சிகிச்சை செய்யக்கூடாது. நீங்களோ வேறொரு பெரியவரோ கூட இருங்கள். எங்கே தொடப்போகிறார், எதற்காக என்று முதலில் சொல்லிக் கேட்க வேண்டும். மகள் "வேண்டாம்" என்றால் அத்தோடு நிறுத்த வேண்டும்.

பிரபு, ஜாலஹள்ளி: நானும் பிசியோதான், வேலைக்குப் புதிது. கபடி வீரர் ஒருவருக்கு ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுவை முடிந்து 7 மாதம். "நல்லாத்தானே ஓடுறான், செலக்‌ஷனுக்கு விடு" என்கிறார் கோச்.

விடாதீர்கள் தம்பி. 9 மாதத்துக்கு முன் திரும்பினால் மறுபடி காயமாகும் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. நேராக ஓடுவதை வைத்துக் கபடியைக் கணிக்க முடியாது. ரெய்டில் சட்டென்று நின்று திரும்புவதுதான் முட்டிக்குச் சோதனை.

காயமான காலின் வலு மற்றதில் 90 சதவீதமாவது வர வேண்டும் என்று பார்ப்போம் இல்லையா, அதில் ஒரு பொறி உண்டு. இத்தனை மாதத்தில் நல்ல காலும் மெலிந்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் 90 சுலபமாக வந்துவிடும். அறுவைக்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் உடல் எடைக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஒற்றைக்கால் தாவலிலும் தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். இடுப்பையும் கணுக்காலையும் வைத்தே தூரத்தை எட்டிவிடுவார். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா, மடங்கத் தயங்குகிறதா என்று வீடியோ எடுத்துப் பாருங்கள்.

கோச்சோடு வீரர் முன்னால் வாதாட வேண்டாம். அறுவை செய்த டாக்டரையும் கலந்துகொண்டு, எண்களோடு, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். "முடியாது" என்பதற்குக் கீழேயே இந்த வாரம் அவர் என்னென்ன செய்யலாம் என்பதும் இருக்கட்டும். கோச்சுக்கு உண்மையில் வேண்டியது அதுதான்.

அருண், வொயிட்ஃபீல்ட்: வலி மாத்திரையை பிசியோ தரலாமா?

கூடாது, அது டாக்டர் எழுத வேண்டியது. டிரமடால் என்ற வலி மருந்துக்கு, ஊக்கமருந்து விதிப்படி 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. வீக்கத்தைக் குறைக்கப் போடும் குளுக்கோகார்ட்டிகாய்டு (ஒரு வகை ஸ்டீராய்டு) ஊசி, எந்த இடத்தில் போட்டாலும், 2022 முதல் அப்படியே. போட்டிக் காலம் பொதுவாக முந்தின இரவு 11:59க்கே தொடங்கிவிடும். யார் கொடுத்திருந்தாலும் உடம்பில் இருந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீரர்தான்.

தேன்மொழி, கெங்கேரி: கேம்ப்பில் ஒரு பிசியோ, சொந்த ஊர் ஓசூரில் ஒருவர். இருவரிடமும் போகலாமா?

இருவரும் பேசிக்கொண்டால் போகலாம். ஓசூரில் ஞாயிறன்று பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி (மண்டியிட்டு உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது), கேம்ப்பில் திங்களன்று கனமான டெட்லிஃப்ட், செவ்வாய் ஸ்பிரின்ட். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்ந்தால் சோர்ந்த தசையோடு முழு வேகம். ஒரே தாளில் தேதி, பயிற்சி, செட், எடை, மறுநாள் காலை வலி எத்தனை என்று எழுதி, போட்டோ எடுத்து இருவருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். கேம்ப் நடக்கும்போது கடைசி முடிவு கேம்ப் பிசியோவுடையது. ஓசூரிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே, ஞாயிறு இரவே, அனுப்பிவிடுங்கள். திங்கள் காலை எடையைத் தூக்கிய பிறகு அனுப்பினால் அவரால் எதையும் மாற்ற முடியாது.