பின்னைப் பிரிக்கலாமா, பழுப்பை வெளுக்கலாமா? பழைய காமிக்ஸ் ஸ்கேன்: கேள்வி பதில்

பெங்களூரு தமிழ் வாசகர்கள், வீட்டுப் பரணில் இருக்கும் பழைய காமிக்ஸையும் வார இதழ் பைண்டிங்குகளையும் கணினியில் ஏற்றுவது பற்றிக் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர் ஒருவரே.

அல்சூரிலிருந்து: முத்து, லயன், ராணி எல்லாம் சேர்த்து 300 புத்தகம் இருக்கு சார். வீட்டுப் பிரிண்டரில் மேலே தாள் அடுக்கினால் தானே இழுத்துக்கொள்ளும் வசதி உண்டு. பிரித்துப் போட்டு அதில் விடலாமா?

வேண்டாம். நியூஸ்பிரிண்ட் தாள் ஐம்பது வருடத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ரப்பர் உருளை இழுத்தால் மூலை முதலில் போகும், பிறகு தாளே போகும். அதே பிரிண்டரின் கண்ணாடிப் பலகையைப் பயன்படுத்துங்கள். கையடக்க காமிக்ஸை விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் ஏ4 கண்ணாடிக்குள் அடங்கிவிடும்.

ஒரு சோதனை மட்டும் செய்து பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஒரு முனையைக் கண்ணாடியில் படியவிட்டு, மறு முனைக்கு அடியில் ஒரு செ.மீ. உயரத்துக்குக் காசு அடுக்கி ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு மூன்று மி.மீ. தூக்கலிலேயே எண்கள் மங்கினால் அது சி.ஐ.எஸ். வகை, அதாவது கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டும் தெளிவாகப் பிடிக்கும் ஸ்கேனர். எப்சன் வி39, கேனன் லைடு (LiDE) வரிசை எல்லாம் அந்த ரகம்தான். தட்டையாகப் படியும் புத்தகத்துக்கு அது போதும். தடித்த பைண்டிங்கின் நடுமடிப்பை அது பிடிக்காது. அதற்கு எப்சன் வி600 போன்ற, லென்ஸ் வழியாகச் சற்று ஆழத்தையும் பிடிக்கும் சி.சி.டி. ஸ்கேனர் வேண்டும், இல்லாவிட்டால் கேமரா. எஸ்.பி. ரோட்டில் பழைய ஸ்கேனர் வாங்குவதானால் இந்த ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

ஸ்ரீராமபுரம்: பின் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்தே ஆகணுமா?

துரு தாளைத் தின்னும், அதனால் எடுப்பது நல்லது. பின் பிடுங்கும் கருவியைக் கொண்டுவராதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, மடிந்த இரண்டு கால்களுக்கும் தாளுக்கும் இடையே பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய சிறு துண்டைச் செருகுங்கள். அதன்மேல் மழுங்கிய வெண்ணெய்க் கத்தியை வைத்துக் கால்களை நிமிர்த்துங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே மெல்லத் தள்ளினால் அட்டைப் பக்கமாகப் பின் எழும்பும். கால் ஒடிந்தாலும் பரவாயில்லை, துண்டைப் பொறுக்கிவிடுங்கள்.

பின் போனதும் தாள்களை ஒவ்வொன்றாக உருவாதீர்கள், கூடு கலையாமல் அப்படியே புரட்டி ஸ்கேன் செய்யுங்கள். தவறி உதிர்ந்துவிட்டால் ஒரு கணக்கு கைகொடுக்கும். 32 பக்கப் புத்தகத்தில் ஒரு தாளின் ஒரு முகத்தில் உள்ள இரண்டு பக்க எண்ணையும் கூட்டினால் 33 வரும்: 1-32, 2-31 என்று. வராவிட்டால் வேறு புத்தகத்தின் தாள் கலந்திருக்கிறது. (பக்க எண் அச்சாகாத புத்தகங்களுக்கு இது உதவாது. கதைதான் வழி.)

வேலை முடிந்ததும் அதே இரண்டு ஓட்டையில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். செலோடேப் மட்டும் கூடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகிப் பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும்.

ஜெயநகர்: எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)? அட்டைப் படத்தை 300ல் எடுத்தால் பட்டுச் சேலை மாதிரி அலை அலையாக மினுக்குகிறது.

அச்சுப் படம் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் கட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தால் இரண்டும் மோதி அலையாகத் தெரியும். அட்டையை 600ல் எடுத்து, ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் லேசாக மங்கலாக்கி, பிறகு 300க்குச் சுருக்குங்கள். அலை அடங்கிவிடும். ஸ்கேனர் மென்பொருளிலேயே ‘டிஸ்கிரீன்’ என்று அச்சுப் புள்ளிகளை மழுப்பும் வசதி ஒன்று இருக்கும். அட்டைக்கு அது பரவாயில்லை. உள்பக்கக் கோட்டோவியத்தில் போட்டால் மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும்.

உள்பக்கத்துக்கு 400 போதும். கறுப்பு-வெள்ளைப் பக்கமானாலும் கலரிலேயே எடுங்கள், காரணம் அடுத்த பதிலில். ஏ4 அளவுக்கு 400ல் கலர் டிஃப் கோப்பு (தரம் குறையாமல் சேமிக்கும் பட வகை) சுமார் 46 எம்பி. 64 பக்கப் புத்தகத்துக்கு அட்டையின் உள்முகத்தோடு சேர்த்து 33 விரிப்பு (எதிரெதிரான இரு பக்கம் சேர்ந்தது ஒரு விரிப்பு), அட்டை தனி. ஆக 1.6 ஜிபி. அல்சூர்க்காரரின் 300 புத்தகமும் 480 ஜிபிக்குள் அடங்கும். ஒரு டெராபைட் டிஸ்க் போதும், ஆனால் அதைப் போல இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கே.ஆர். புரம்: பக்கமெல்லாம் பழுப்பு. ஸ்கேனரில் ‘ஆட்டோ’ போட்டு வெளுத்து எடுக்கிறேன். சரிதானே?

தவறு. இதைத்தான் பலரும் செய்கிறார்கள். ஆட்டோ ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு அளவில் வெளுக்கும். வெளிறிய மையும் அதோடு போய்விடும், திரும்ப வராது. ஆட்டோ எக்ஸ்போஷர், ஷார்ப்பன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பழுப்பைப் பழுப்பாகவே எடுத்து வையுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும், அந்தத் தாள் இன்னொரு முறை விரித்தால் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

கறுப்பு மையில் அச்சான பக்கத்துக்கு எளிய வழி உண்டு. பழுப்பு நிறம் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கலர் ஸ்கேனிலிருந்து சிவப்புச் சேனலை, அதாவது படத்தின் சிவப்பு ஒளிப் பகுதியை, மட்டும் பிரித்தால் பழுப்பும் ஈரப்புள்ளிகளும் முக்கால்வாசி மறைந்து, மை கறுப்பாக நிற்கும். ஜிம்ப்பில் ‘கலர்ஸ்’ மெனுவில் ‘காம்பொனன்ட்ஸ்’ பகுதியில் இது இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: தீபாவளி மலர் மாதிரி கறுப்பும் சிவப்புமாக அச்சான பக்கத்தில் இதைச் செய்தால் சிவப்பு மையும் சேர்ந்து மறையும். அங்கே பச்சைச் சேனல்.

சாய்வு நேராக்க, விரிப்பை இரண்டாக வெட்ட, ஓரம் சமன் செய்ய ‘ஸ்கேன் டெய்லர் அட்வான்ஸ்ட்’ என்ற மென்பொருள். இலவசம்தான்.

பனஸ்வாடி: பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறதே?

எடுக்கும் தாளுக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டையைச் செருகுங்கள். பக்கம் கொஞ்சம் இருட்டாகும், பின்னெழுத்து அடங்கும்.

ஒயிட்ஃபீல்டு: பாட்டி வார இதழிலிருந்து தொடர்கதையைக் கிழித்து பைண்ட் பண்ணி வைத்திருக்கிறார். நடுவில் எழுத்து தையலுக்குள் போய்விட்டது. தையலைப் பிரிக்க மனசு வரவில்லை.

பிரிக்க வேண்டாம், போனே போதும். இரண்டு பலகையை சுமார் 100 டிகிரி ‘வி’ வடிவில் சாய்த்துப் புத்தகத்தை அதில் கிடத்துங்கள். எடுக்கும் பக்கத்தின் மேல் 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி; கண்ணாடிக் கடையில் விளிம்பை மழுங்கத் தேய்த்து வாங்குங்கள். போன் அந்தப் பக்கத்துக்கு நேர் எதிரே, ஸ்டாண்டில். இருபுறமும் 45 டிகிரியில் இரண்டு விளக்கு, அறை விளக்கு அணைந்திருக்கட்டும். கண்ணாடியில் போனே பிரதிபலித்தால், லென்ஸ் அளவு ஓட்டை போட்ட கறுப்புச் சார்ட்டைப் போனுக்கு முன்னால் மாட்டுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான். 12 மெகாபிக்சலில் ஏ4 பக்கம் ஓரம் விட்டு எடுத்தால் ஏறக்குறைய 300 டிபிஐ கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் 220க்கு இறங்கிவிடும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அது எல்இடி துடிப்பு, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் நிறுத்துங்கள். முதலில் வலப்பக்கம் எல்லாம், பிறகு இடப்பக்கம் எல்லாம் எடுத்து, கடைசியில் பெயர் மாற்றிக் கோத்துக்கொள்ளலாம். எண்களை 001, 002 என்றே தொடங்குங்கள். 1, 10, 11, 2 என்று கணினி அடுக்கினால் கதை தலைகீழாகும்.

மல்லேஸ்வரம்: எழுத்தைத் தேடும்படி செய்ய முடியுமா?

அச்செழுத்துக் கட்டுரை, கதை என்றால் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருள் தமிழில் ஓரளவு படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் தும்பிக்கை வைத்த லை, னை, சுழித்த ணா, றா, னா வரும் இடமெல்லாம் தடுமாறும். காமிக்ஸில் கையால் எழுதிய வசனங்களை அதனிடம் கொடுப்பது வீண். தலைப்பு, இதழ் எண், மாதம், ஓவியர் என்று ஒரு எக்ஸெல் அட்டவணை போடுங்கள். தேடலுக்கு அதுவே போதும். படிப்பதற்கு, படங்களை ஜிப் செய்து கோப்புப் பெயரின் பின்னொட்டை சிபிஇசட் (.cbz) என்று மாற்றினால் காமிக்ஸ் செயலிகள் திறக்கும்.

மல்லேஸ்வரம் (தொடர்ச்சி): மழைக்காலத்தில் இராமபாணப் பூச்சியும் வருகிறது.

காற்று வெளியேற்றிய ஜிப் கவரில் போட்டு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் கவரைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும். பூஞ்சை இருந்தால் என்95 போட்டுக்கொண்டு பால்கனியில் மென்பிரஷால் தட்டுங்கள்.

இந்திரா நகர்: ஸ்கேன் செய்ததை வாட்ஸ்ஆப் குழுவில் போடலாமா?

சொந்த உபயோகத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஊருக்குப் பரப்ப அல்ல. எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு உரிமை ஓடும். கல்கி மறைந்தது 1954ல், அவர் எழுத்தின் கணக்கு 2014 இறுதியில் முடிந்தது. அதே பக்கத்து ஓவியத்துக்கு ஓவியரின் கணக்கு தனி. மொழிபெயர்ப்பு காமிக்ஸ் என்றால் வெளிநாட்டு உரிமையாளரும் இருப்பார்.

இந்திரா நகர் (தொடர்ச்சி): அப்போ ஸ்கேன் முடிந்ததும் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா? இடமில்லை சார்.

முதலில் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் எக்ஸெல் பட்டியலைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பி, அவர்களிடம் இல்லாத இதழ் எது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கட்டிலுக்கடியில் இருக்கட்டும்.