பிரபு வீட்டில் வேலை: விக்டோரியா கால இங்கிலாந்து பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: என் நாவலில் 14 வயதுப் பையன் ஒருவன் பிரபு மாளிகைக்கு வேலை தேடிப் போகிறான். நேராகப் போய்க் கதவைத் தட்டலாமா?

பதில்: முன்வாசலில் தட்டினால் கதை அங்கேயே முடிந்துவிடும். வேலைக்காரர்களுக்குப் பின்பக்கம் தனி வாசல். அதற்கும் யாராவது சொல்லி அனுப்ப வேண்டும்: ஊர்ப் பாதிரியார், அங்கே ஏற்கெனவே இருக்கும் அக்கா, இல்லாவிட்டால் ஆள் சேர்த்துவிடும் ரெஜிஸ்ட்ரி ஆபீஸ். உங்கள் பையன் ‘ஹால் பாய்’ ஆகத்தான் சேருவான். அதாவது வேலைக்காரர்களுக்கே எடுபிடி. பூட்ஸ் துடைக்கணும், கரி சுமக்கணும். எசமானை அவன் பார்ப்பதே அபூர்வம்.

கேள்வி: ‘கேரக்டர்’ என்று ஏதோ கேட்பார்களாமே?

பதில்: அதுதான் எல்லாம். பழைய எசமானி தரும் நற்சான்றுக்கு அப்படிப் பெயர். பெரிய இடங்களில் புது எசமானி பழையவருக்கு நேராகக் கடிதம் போட்டு விசாரிப்பார். பதிலில் என்ன இருந்தது என்பது வேலைக்காரிக்கே தெரியாது. நற்சான்று தந்தே தீர வேண்டும் என்று சட்டமும் இல்லை. பத்து வருஷம் நாணயமாக உழைத்தவள், கடைசியில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட்டால் போச்சு. சரி, பொய்யாக ஒன்று தயாரித்தால்? 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 பவுண்டு அபராதம். பீட்டன் அம்மையாரின் குடும்ப நிர்வாக நூல் 1861ல் மூத்த ஹவுஸ்மெய்டுக்கு (வீட்டைச் சுத்தம் செய்யும் பணிப்பெண்) சொன்ன சம்பளம் வருஷத்துக்கு 12 முதல் 20 பவுண்டு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

கேள்வி: உடுப்பு யார் செலவு?

பதில்: ஃபுட்மேன், அதாவது கதவு திறந்து, மேஜையில் பரிமாறும் ஆண் பணியாளன்; அவனுடைய பகட்டான உடுப்பை எசமானே கொடுப்பார். பெண்கள் தாங்களே வாங்க வேண்டும்: காலையில் அச்சுப் பருத்தி, மதியத்துக்கு மேல் கறுப்பு. அந்தத் துணிக்குக் காசு சேர்க்கவே பல சிறுமிகள் முதலில் சின்ன வீடு ஒன்றில் வேலை பார்த்தார்கள்.

கேள்வி: ஆண்களுக்கு மட்டும் ஏன் அந்தப் பகட்டு?

பதில்: வரி! அமெரிக்கச் சுதந்திரப் போர்ச் செலவுக்காக 1777ல் ஆண் பணியாளர்மீது போட்ட வரி 1937 வரை நீடித்தது. வரி கட்டி வைத்திருக்கும் ஆளை ஊர் பார்க்க வேண்டாமா? உயரமான ஃபுட்மேனுக்குச் சம்பளமும் கூடுதல். முதல் கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் பையனை ஆறடிக்கு வளர்த்துவிடுங்கள்.