தமிழ்க் கட்டுரைகளைத் திறவுச்சொற்களால் வகைப்படுத்தித் தேடுவது எப்படி?

ஆயிரம் தமிழ்க் கட்டுரைகள் கைவசம் உள்ளன, அவற்றைத் திறவுச்சொற்களைக் கொண்டு பிரித்து அடுக்கித் தேட வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, பழைய வழியே போதும். ஆனால் சொற்களை எண்ணத் தொடங்கும் முன், எதை ஒரு சொல்லாகக் கொள்வது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். தமிழில் பாதி வேலை அதுதான்.

எண்ணும் முறை எளிது. ஒரு கட்டுரையில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதோடு, மொத்தம் எத்தனை கட்டுரைகளில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கும் தலைகாட்டும் சொல் எதையும் அடையாளம் காட்டாது. இதை 1972இல் பிரிட்டனின் கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். ஆயிரத்தில் பத்துக் கட்டுரைகளில் மட்டும் ‘மதகு’ வந்தால், 1000ஐ 10ஆல் வகுத்துப் பத்தடிமான மடக்கை (அந்த எண் பத்தின் எத்தனையாவது அடுக்கு என்பது) எடுக்க, அதன் எடை 2. எல்லாவற்றிலும் வரும் ‘என்று’ என்பதற்கு எடை 0. கட்டுரைக்குள் வரும் எண்ணிக்கையை இந்த எடையால் பெருக்க வேண்டும்.

சிக்கல் இனிமேல்தான். குளம், குளத்தில், குளத்தைப், குளங்களுக்கு ஆகிய நான்கும் கணினிக்கு நான்கு சொற்கள். ‘குளத்தைப்’ என்பதில் ஒட்டியிருக்கும் வல்லொற்றுகூட அதற்கு வேறு சொல்தான். எனவே ஒற்று, வேற்றுமை உருபு, சாரியை, பன்மை விகுதி என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றினால் ‘மாலை’யின் ஐகாரத்தையும் உருபென்று வெட்டி, பொழுதைத் திருமாலாக்கிவிடும். ஆகவே வெட்டக் கூடாத சொற்களுக்கு ஒரு பட்டியல் கட்டாயம் வேண்டும்.

இதன்பின் ஒவ்வொரு கட்டுரையும் ஓர் எடை வரிசையாகிவிடும். இரு வரிசைகளைத் திசையன்களாக, அதாவது ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் இரு அம்புகளாகக் கொண்டு, இடையிலுள்ள கோணம் சிறிதாக இருந்தால் ஒரே குழுவில் சேர்க்கலாம். கோணத்தை அளப்பதால் கட்டுரையின் நீளம் கணக்கைக் குலைக்காது. ‘ஆறு’ நதியா எண்ணா என்பதும், உடன்வரும் அணை, வெள்ளம் போன்ற சொற்களின் எடையால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தேடலுக்கு, நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல, சொல்லுக்கு எதிரே கட்டுரை எண்களை எழுதிய அட்டவணை போதும். தேடுபவர் தட்டச்சிடும் சொல்லையும், உருபுகளைக் கழற்றிய அதே நிரலின் வழியே வெட்டிய பிறகே அதில் தேட வேண்டும். முதன்முறை நான் இதை மறந்துவிட்டு, ‘குளங்கள்’ என்று தேடி ஒரு கட்டுரையும் வராமல், ஒரு நாள் முழுவதும் அட்டவணையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.