தமிழ்ப்பள்ளியில் இடம் பிடிக்க யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து பினாங்குக்கு மாறி வருகிறோம். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்கும் அங்கேயே அலுவலக வேலை கிடைத்திருக்கிறது. மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, மகளுக்கு இரண்டரை வயது. "பாதி ஆண்டில் பள்ளியில் இடம் கிடைக்காது, 600 வெள்ளி கொடுத்தால் நான் வாங்கித் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒருவர் சொன்னார். 200 வெள்ளி முன்பணம் அனுப்பிவிட்டேன். மகளைப் பார்த்துக்கொள்ளவும் அவரே ஒரு வீட்டைச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: சகோதரி, மீதி 400 வெள்ளியை அனுப்பாதீர்கள். அந்த ஆள் தன் கையில் இல்லாததை உங்களுக்கு விற்கிறார். அரசாங்கப் பள்ளியில் மலேசியப் பிள்ளைக்கு இடம் தரக் கட்டணம் கிடையாது. அதிலும் தமிழ்ப்பள்ளி! பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டாத பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் வைக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்குப் பயந்து, தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை தேடும் காலம் இது. உங்கள் மகன் வருகிறான் என்றால் சந்தோஷமாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்கொடை கேட்டால், பிள்ளை சேர்ந்த பிறகு, பள்ளியிலேயே, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பாதி ஆண்டில் மாற முடியாது என்பதும் பொய். வேலை மாற்றம், வீடு மாற்றம் காரணமாக ஆண்டின் நடுவில் பள்ளி மாறுகிற பிள்ளைகள் நிறையப் பேர். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வையும் 2021-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் ஆரம்பப் பள்ளியில் அந்தக் கவலையும் இல்லை. இப்போதைய பள்ளியில் மாற்றத்துக்கு விண்ணப்பம் கேளுங்கள். அதோடு பிறப்புப் பத்திரம், உங்கள் இருவரின் அடையாள அட்டை, கணவரின் வேலைக் கடிதம், புதிய முகவரிக்கு அத்தாட்சி எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். மின்சார பில் வீட்டுக்காரர் பேரில்தான் இருக்கும் என்பதால், முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஒரே நகலைப் பழைய பள்ளி, புதிய பள்ளி, மாவட்டக் கல்வி அலுவலகம் என்று எல்லாருமே கேட்பார்கள். பிள்ளையின் விவரம் முதலாம் ஆண்டிலிருந்தே அமைச்சின் கணினியில் கிடக்கிறது, இருந்தும் பெற்றோரைத் தாளைத் தூக்கிக்கொண்டு அலைய விடுகிறார்கள். இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்த அலைச்சலை நம்பித்தான்.

பள்ளியைத் தேடும் முன் வீட்டை முடிவு செய்யுங்கள். பாயான் லெப்பாஸ் தென்மேற்கு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே பாயான் லெப்பாஸ் தமிழ்ப்பள்ளியும் சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிக் குளுகோரில் வீடெடுத்தால் அது வடகிழக்கு மாவட்டம், கல்வி அலுவலகமே வேறு. பக்கத்தில் சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளி இருக்கிறது. வாடகை குறைவு என்று பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் உள்ள பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போகிறவர்களும் உண்டு. காலையில் பாலத்தில் மாட்டிக்கொண்டால் நேரம் நம் கையில் இருக்காது. மகளுக்குக் காய்ச்சல் என்று மதியம் போன் வந்தால் யார் பாலத்தைத் தாண்டிப் போவது என்று யோசித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். மகனைவிட இவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்த ஆள் சொன்ன வீடு பதிவு பெற்றதா என்று ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை.

நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இடம் தஸ்கா. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லித்தான் பெற்றோரை ஏமாற்றுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து வரும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால்தான் அந்தச் சட்டம் அந்த வீட்டைத் தஸ்காவாக எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்கா மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் பதிவு தேவையில்லை. அது சட்டத்துக்கு உட்பட்டதுதான், அப்படிப்பட்ட நல்ல அக்காமார்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று என்று சொல்லி ஆரம்பித்து ஏழு, எட்டு என்று போகும் வீடுகள் ஏராளம். "வீட்டிலே பார்க்கிறதுக்கு லைசென்ஸ் வேண்டாம் கா" என்பார்கள். நான்காவது குழந்தை உள்ளே வந்ததும் அந்தப் பேச்சு செல்லாது. நடத்துகிறவரின் சொந்த வீடாக இருந்தாலும், பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், பதிவு வேண்டும். பத்தும் அதற்கு மேலும் என்றால் வேறு வகைப் பதிவு, அவ்வளவுதான்.

அதனால் நேரில் போங்கள், அதுவும் சொல்லாமல், மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லி முகவரியையும் காலாவதித் தேதியையும் படித்துப் பாருங்கள். வேறு கிளையின் சான்றிதழை நகலெடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டி வைப்பது பழைய தந்திரம், தாமான் (குடியிருப்பு) பெயர் ஒன்றாக இருந்தாலும் வீட்டு எண் வேறாக இருக்கும். அப்புறம் வாசலில் கிடக்கும் சின்னச் செருப்புகளை எண்ணுங்கள். உள்ளே எத்தனை பேர் என்று நடத்துகிறவர் சொல்லும் கணக்கோடு அது ஒத்துப்போகிறதா? ஒரு வயதுக்குக் கீழ் என்றால் மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்துக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வரை பத்துக்கு ஒருவர். உங்கள் மகள் நடு வகை. பன்னிரண்டு பிள்ளைகளை ஒரே பெண் தூங்க வைத்துக்கொண்டிருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ரசீதும் கேளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகப் பதிவு பெற்ற மையத்தில் கட்டும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமானவரிச் சலுகை உண்டு, பெற்றோரில் ஒருவர் எடுக்கலாம். வரிக்காக ரசீது வேண்டும் என்றதும் இழுத்தடித்தால், மற்றதையும் சந்தேகப்படுங்கள்.

மகன் பள்ளி விட்டு வரும் மதியத்தை மறந்துவிடாதீர்கள். அவனைத் தங்க வைக்கும் டிரான்சிட் மையம் 1984 சட்டத்தில் வராது. அதற்கு 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம், அதுவும் சமூகநல இலாகாவில்தான். இரண்டுக்கும் நடுவில் உள்ள வயதுப் பிள்ளைகளின் பாலர் பள்ளி மட்டும் கல்வி அமைச்சில் பதிய வேண்டும். ஒரே மாடி வீட்டில் கீழே கைக்குழந்தை, மேலே ஆறு வயது, பின்னறையில் பள்ளிப் பிள்ளை என்றால் மூன்று பதிவு. சாதாரணத் தாய் தகப்பன் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க இத்தனை ஆண்டுகளில் ஒரு வழி செய்திருக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: "என் பிள்ளையின் வயதுக்கு உரிய சான்றிதழ் எது?" என்று கேளுங்கள். தஸ்கா சான்றிதழைக் காட்டி எட்டு வயதுப் பையனைச் சேர்க்க வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கணவரின் ஷிப்ட் நேரத்தை மையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலான இடங்கள் மாலையில் மூடிவிடும், தாமதமானால் கூடுதல் பணம் கேட்பார்கள்.

அனுப்பிய 200 வெள்ளிக்கு இன்றே 997-க்கு அழையுங்கள், அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். வங்கிக்கும் சொல்லிவிட்டுப் போலீஸில் புகார் கொடுங்கள். பணம் போன கணக்கு எண், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். தொகை சின்னது என்று விட்டுவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு தாயிடம் அதே 600-ஐக் கேட்பார்.