ரத்தத்தில் டோபமைன் பார்க்கலாமா? பார்கின்சன் கேள்வி பதில்

கே: அப்பாவுக்கு 68 வயது, வலது கை நடுக்கம். ரத்தத்தில் டோபமைன் பார்த்தோம், நார்மல். பார்கின்சன் இல்லைதானே?

ப: அந்த ரிப்போர்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ரத்தத்தில் ஓடும் டோபமைன் பெரும்பாலும் குடலிலும் நரம்பு நுனிகளிலும் உண்டானது. அது மூளைக்குள் போகாது. பார்கின்சனில் குறைவதோ மூளைக்குள், நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் டோபமைன். 1960-ல் வியன்னாவில் ஏரிங்கர், ஹார்னிகீவிச் என்ற ஆய்வாளர்கள் அந்தக் குறைவைக் கண்டுபிடித்தது இறந்தவர்களின் மூளைத் திசுவில். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்லி, தட்டத் தட்ட வீச்சு சுருங்குகிறதா என்று பார்ப்பார்.

கே: சிறுநீரில் பார்த்தால்?

ப: அது சிறுநீரகமே தயாரிக்கும் டோபமைன். வேண்டாம்.

கே (ஆய்வக மாணவி): தண்டுவட நீரில் எச்.வி.ஏ. அளக்கிறோம். ஒரே நோயாளிக்கு இரண்டு குழாயில் இரண்டு எண் வருகிறதே?

ப: நல்ல கேள்வி. எத்தனையாவது மில்லி என்று குழாயில் எழுதினீர்களா? எச்.வி.ஏ. டோபமைன் சிதைந்து வரும் கழிவு. மூளை அறைகளில் செறிவு அதிகம், இடுப்புப் பக்கம் குறைவு. நீர் இறங்க இறங்க மேலிருந்து வருவது சேரும், எண்ணும் ஏறும். எல்லோருக்கும் ஒரே மில்லியை எடுங்கள். ரத்தம் கலந்திருந்தால் உடனே சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றித் தெளிவை மட்டும் பிரித்து, -80 டிகிரியில் வையுங்கள். லெவோடோபா (உடலில் டோபமைனாக மாறும் பார்கின்சன் மருந்து) சாப்பிடுகிறவரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மாத்திரையே எச்.வி.ஏ.வை ஏற்றிவிடும். இவ்வளவு கவனித்தாலும் பார்கின்சன்காரர் எண்களும் மற்றவர் எண்களும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும். குழுக்களை ஒப்பிட உதவும், ஒருவருக்கு நோயை உறுதிசெய்ய உதவாது.

கே: பார்கின்சனுக்கு சிண்டோபா 110 மாத்திரை, மூன்று வேளை. குமட்டுகிறது.

ப: அதில் லெவோடோபா 100, கார்பிடோபா 10 மி.கி. லெவோடோபா மூளைக்கு வெளியிலேயே டோபமைனாக மாறினால் குமட்டும். அதைத் தடுக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது 30. 100/25 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வாந்திக்கு மெட்டோக்ளோபிரமைடு மட்டும் வேண்டாம், அது மூளையிலும் டோபமைனைத் தடுக்கும்.

கே: பூனைக்காலி விதையில் இயற்கை டோபமைன் இருக்கிறதே?

ப: இருப்பது லெவோடோபா. கார்பிடோபா இல்லை, எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கும் இல்லை.

கே: கார்பிடோபா ரசாயனமாயிற்றே!

ப: லெவோடோபா மட்டும் என்னவாம்? விதைக்குள் இருந்தாலும் மாத்திரைக்குள் இருந்தாலும் மூலக்கூறு ஒன்றே. சிண்டோபாவோடு சேர்த்துத் தின்றால் டோஸ் தெரியாமல் ஏறும். உடல் தானாக நெளியும், எழுந்தால் பிபி இறங்கும். விதையை நம்பி மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் காய்ச்சலும் கடும் விறைப்பும் வந்து ஐசியூவில் கிடக்க நேரும்.

கே: அம்மாவுக்கு ரத்த டோபமைன் எந்த லேபில்...

ப: முதல் பதில். முதல் பதில்!

கே (அதே மாணவி): அதே தண்டுவட நீரில், பார்கின்சனில் மூளைச் செல்களில் திரளும் புரதமான ஆல்ஃபா-சைனுக்ளின் பார்க்கலாமா?

ப: மொத்த அளவு என்றால் துளி ரத்தம் கலந்தாலும் கெட்டது, சிவப்பணுக்களில் அது நிறைய. பாலிப்ரொப்பிலீன் குழாய் எடுங்கள், மற்றவற்றின் சுவரில் புரதம் ஒட்டும். சீட் ஆம்ப்ளிஃபிகேஷன் சோதனை வேறு ரகம், தப்பாக மடிந்த அந்தப் புரதத்தைப் பெருக்கிப் பார்ப்பது. 2023-ல் வந்த பி.பி.எம்.ஐ. என்ற பன்னாட்டு பார்கின்சன் ஆய்வில் 1,123 பேரைச் சோதித்தார்கள். பார்கின்சன்காரர்களில் சுமார் 88% பேருக்கு பாசிட்டிவ். உண்டா இல்லையா என்றுதான் அது சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.