டிப்பு சுல்தானும் ஆன்ஸ்லோவும் ஒன்றுதான்

பாகிஸ்தான் கடற்படையின் 'டிப்பு சுல்தான்' கப்பலின் படத்தைச் சிலர் 'ஆன்ஸ்லோ' என்பதால் குழம்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். குழப்பமே வேண்டாம் நண்பரே, இரண்டும் ஒரே நாசகாரிக் கப்பல்தான். 1949இல் பிரிட்டனிடமிருந்து கைமாறியது.

கப்பலைப் பற்றிய உங்கள் குறிப்பில் 1942 டிசம்பர் 31ஐ விட்டுவிடாதீர்கள். அன்று ஆர்க்டிக் பகுதியின் பேரண்ட்ஸ் கடலில், ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோன கப்பல் அணிக்கு இது காவல். எதிரே ஜெர்மனியின் கனரகக் குரூசர் (பெரிய போர்க்கப்பல்) 'அட்மிரல் ஹிப்பர்'. ஆன்ஸ்லோவின் பீரங்கிகள் அதற்குக் கொசுக்கடி. நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோ அப்படியல்ல. அதை ஏவாமலே, ஏவப்போவதுபோல் பாய்ந்து பாய்ந்து ஹிப்பரை விலக வைத்தார்கள். ஏவிவிட்டால் மிரட்ட என்ன மிஞ்சும்? முகத்தில் குண்டுச்சிதறல் பாய்ந்து ஒரு கண் போன பிறகும் ஆன்ஸ்லோவின் கேப்டன் ஷெர்புரூக் உடனே பொறுப்பை விடவில்லை. சரக்குக் கப்பல் ஒன்றுகூட மூழ்கவில்லை.

கட்டுமான ஆவணங்களில் 'பேக்கன்ஹாம்' என்று தேடுங்கள். ஆன்ஸ்லோவுக்கு முதலில் வைத்த பெயர் அதுதான்.